பதினொரு நிமிடம்

ஐந்து அங்கம், இருபத்துமூன்று காட்சி,
நூற்றுப்பன்னிரண்டு விருத்தம்.
இதைப் பதினொரு நிமிடமாக்கித் தர வேண்டும்,
நாலு வயதுக்கு மேல் ஏழுக்குக் கீழ்,
நடுவில் ஒரு பிஸ்கட் விளம்பரம் போக.

சாலிகிராமத்தில் மாடி அறை.
கீழே பஞ்சர் கடை.
கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் ஒலிப்பதிவு நிற்கும்.
அரசன் வாயைத் திறந்தபடி காத்திருப்பான்.
அவன் ஒரு பள்ளிக்கூடக் காலுறை,
கண் இரண்டும் சட்டைப் பொத்தான்,
முதுகெலும்பு
நஸீமுதீனின் வலது கை.

முதல் வாரம் படையை நீக்கினேன்.
வாளுக்கு அனுமதியில்லை, கரண்டி வைத்துக்கொள்ளலாம்.
அடுத்த வாரம் தளபதியின் காதல் போயிற்று.
சூத்திரதாரனை அணிலாக்கினேன்,
அதற்கு மட்டும் மீட்டிங்கில் கைதட்டினார்கள்.
'ஊழ் வந்து கதவைத் தட்டியது' என்ற இடத்தில்
பெனடிக்டா மேடம்
ஊழைப் பென்சிலால் வட்டமிட்டு
'புரியுமா?' என்று எழுதியிருந்தார்.
மூன்று நாள் யோசித்து ஒரே சொல்லை மாற்றினேன்:
அப்புறம் வந்து கதவைத் தட்டியது.
இப்போது படித்தாலும்
மூலத்தைவிடப் பயமாகத்தான் இருக்கிறது.

சிக்கல் நான்காம் அங்கத்தில்.
அரசனுக்கு வைத்த பாலை
அரசி குடித்துவிடுகிறாள்.
தெரிந்தே குடிக்கிறாள்.
அந்த இரண்டு வரிக்காகத்தான்
பாடத்தில் இல்லாத இந்த நாடகத்தைக்
கல்லூரிப் பேருந்தில் நின்றபடி படித்தேன்.

பாலில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றது சேனல்,
பிஸ்கட் கம்பெனிக்குப் பால் வியாபாரமும் உண்டு.
சரி, மோர்.
மோரும் அவர்களுடையதுதான்.
சரி, கஷாயம்.
சாகக் கூடாது.
சரி.
அரசி தூங்கிட்டாங்க, என்றது அணில்.
காலுறை அரசி
கரண்டிகளுக்கு நடுவே அழகாகச் சாய்ந்தாள்.

மழை விடுமுறை. எடிட்டர் குணவதியின் மகள் செந்நிலா,
பஞ்சர் கடைக்காரரின் இரண்டு பையன்கள்,
பாய் விரித்துப் போட்டுக் காட்டினோம்.
நல்லாயிருந்துச்சா?
இருந்துச்சு.
அணில் பிடிச்சுதா?
பிடிச்சுது.
பிஸ்கட் தீர்ந்தது.

இரவு பதினொன்றே முக்காலுக்குக் குணவதியின் போன்.
அக்கா, இவ தூங்க மாட்டேங்கறா.
தூங்குனா கதைலேர்ந்து எடுத்துருவாங்களாம்.
என்னையும் தூங்க விடல,
என் இமையைப் பிடிச்சு வெச்சிருக்கா.
பின்னாலிருந்து ஒரு கம்மிய குரல்:
அம்மா, முழிச்சிக்கோ.

ஜன்னலுக்கு வெளியே ஆற்காடு சாலையில்
மெட்ரோ தூண்களைச் சுற்றித் தண்ணீர் நின்றது.
ஒரு ஆட்டோ அதற்குள் இறங்கி
நடுவிலேயே அணைந்துபோனது.
நஞ்சு வைத்த அமைச்சன்கூட
ஒருத்தியைத்தான் கொன்றான்.

மறுநாள் மேடத்திடம் கேட்கவில்லை.
அணிலிடம் வேறு வரியைக் கொடுத்தேன்:
அரசி செத்துப்போயிட்டாங்க.
நஸீமுதீன் அரசியிலிருந்து
கையை மெதுவாக வெளியே எடுத்தார்.
வெறும் காலுறை, தரையில்.
கீழே கம்ப்ரசர் ஓடியது.
யாரும் கட் சொல்லவில்லை.

செந்நிலா முட்டிபோட்டு அருகில் வந்தாள்.
காலுறைக்குள் எட்டிப் பார்த்தாள்.
அப்ப அணிலுக்கு யாரு பொரி போடுவா?

என்னிடம் பதில் இல்லை.
நூற்றுப்பன்னிரண்டு விருத்தத்தில்
பொரி என்ற சொல்லே இல்லை,
அணிலும் இல்லை.
பொத்தான் கண்கள் என்னைப் பார்த்தன.
பிறகு, தாளில் இல்லாத ஒரு வரியை
அரசன் தானாகவே சொன்னான்:
நான் போடறேன்.
எவ்ளோ போடணும்?

இவ்ளோ, என்று
அவள் இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள்.

அன்றிரவு தூங்கினாளாம்,
பொரி டப்பாவைக் கட்டிக்கொண்டு.

சேனல் இன்னும் ஒப்புதல் தரவில்லை.
நேரம் பதினொன்றே கால் நிமிடம் ஆகிவிட்டது.
பதினைந்து நொடியை எங்கே வெட்டுறது,
குணவதி கேட்கிறாள்.
பிஸ்கட்ல, என்கிறேன்.